மாடும் தின்னாத கீரை

கொடிகாமம் சந்தையில் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஆவணி மாதம் ஒரு சின்னப் பிள்ளை வாயைத் திறப்பதற்கு விலை ஏழு ரூபா ஐம்பது சதம். அதற்கு முதல் அந்த வாய்க்கு விலையே கிடையாது. எவ்வளவு கொடுத்தாலும் திறக்காது. ஏழரை ரூபாவுக்கு அது படிந்த அன்று நான் பக்கத்தில் நின்றேன். பிறகு அந்த விலையைக் குறைத்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

என் பெயர் பொன்னம்பலம். சந்தையின் மேற்குக் கரையில் தேங்காயும் தானியமும் வைத்து விற்றேன். அப்பு என்று நாங்கள் கூப்பிட்ட தகப்பனார் மாட்டுத் தரகர், அம்மாவின் ஆட்கள் புகையிலை யாவாரிகள். எங்கள் வீட்டில் பிள்ளைகள் 'அம்மா' என்று சொல்லப் பழகமுதல் 'கட்டாது' என்று சொல்லப் பழகிவிடுவோம்.

சண்டையால் கொழும்புப் பாதை பூட்டிக் கிடந்த காலம் அது. சவர்க்காரம், சீனி, நெருப்புப்பெட்டி, மண்ணெண்ணெய் எல்லாம் நகைக்கடைக் கண்ணாடிக்குள் வைக்கவேண்டிய சாமான்களாகிவிட்டன. தோட்டத்தில் விளைந்ததும் களப்பில் பிடிபட்டதும்தான் எங்களுக்கு மிச்சம். அதை விற்பவருக்குக் காசு வேண்டும், வாங்குபவருக்குக் காசில்லை. ஆகவே சந்தையில் பேரம் முன்னைவிடச் சத்தமாக நடந்தது.

அந்தச் சத்தத்தில் பாதி கனகசபாபதியினுடையது. நாங்கள் சபாபதி என்போம். பாதை திறந்திருந்தபோது கொழும்புக்கு லொறி லொறியாக வெங்காயம் ஏற்றியவன். லொறி நின்றபிறகு அவனிடம் மிஞ்சியது ஒரு சைக்கிளும் ஒரு நாக்கும். இரண்டையும் வைத்துத் தரகு பார்த்தான். ஒருநாள் ஐம்பது அறுபது ரூபா வரும். இன்னொரு நாள் காசுக்குப் பதிலாக ஒரு பலாப்பழம் வரும்.

அவனுடைய நாக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். பொருளைக் குறை சொல்லி விலை குறைப்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த வேலைதான். ஆனால் சபாபதி ஒரு பூசணிக்காயைக் குறை சொல்லத் தொடங்கினால், அந்தப் பூசணிக்காய் வெட்கப்பட்டுத் திரும்பி இருந்துவிடும் போலிருக்கும். கீரை விற்கும் நல்லம்மாவும் அவனும் காலமையில் பேசுவதைக் கேட்கவே சிலர் தங்கள் சாமானை விட்டுவிட்டு வருவார்கள்.

"உது என்ன நல்லம்மாக்கா, முருங்கையிலையோ, வேலிக் குழையோ?"

"கண் தெரியாட்டிக் கண்ணாடி போடு."

"தெரியிறபடியாத்தான் கேக்கிறன். உதை மாடும் தின்னாது."

"மாடு தின்னாட்டி நீ தின். ரெண்டு ரூபா."

"ஒண்டு. அதுவும் உங்கடை முகத்துக்காக."

"என்ரை முகத்துக்கு ஒரு ரூபாவோ? ஒண்டரை. கொண்டுபோய்த் துலை."

இதில் ஒருவருக்கும் மனவருத்தம் கிடையாது. நல்லம்மாவும் தேங்காய் வாங்க என்னிடம் வந்தால், என் தேங்காய்க்குள் தண்ணீரைத் தவிர வேறெதுவும் இல்லை என்று சத்தியம் பண்ணுவாள். பொருளை நல்லதென்று சொன்னவன் விற்பவர் கேட்ட விலையைக் கொடுக்கவேண்டும். எங்கள் சந்தைக்கு எழுதாத சட்டம் அது.

சபாபதி தன் சைக்கிள் பாரில் ஒரு பலகைத் துண்டு கட்டி, அதன்மேல் துவாய் சுற்றி, மகளை இருத்திக்கொண்டு வருவான். நிறோஜாவுக்கு நாலு வயது நடந்தது. தாய் அருந்ததி வீட்டில் மிளகாய் வறுத்து இடித்துத் தூள் விற்றாள். அந்தப் புகைக்குள் பிள்ளையை வைத்திருக்க முடியாது. ஆகவே காலமை முழுக்க நிறோஜா எங்களோடு. ஒரு சொல் பேசமாட்டாள். பெரிய கண்ணை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தச் சந்தையில் வாயை மூடியிருந்த ஒரே ஆள் அவள்தான் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அது பகிடி இல்லை என்பது ஆடி மாத முடிவில்தான் தெரிந்தது.

அன்று சபாபதி என் கடைக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தினான். சேர்ட் பொக்கற்றிலிருந்து கிளினிக் மட்டையை எடுத்து நீட்டினான். பிள்ளையின் எடையை மாதாமாதம் புள்ளி போட்டுக் கோடு இழுக்கும் மட்டை. கோடு மூன்று மாதமாகச் சரிந்து வந்து, கீழே ஆபத்தைக் காட்ட அடித்திருந்த நிறத்துக்குள் விழுந்திருந்தது.

"பியாட்றிஸ் மிஸி சொல்லிப்போட்டா, பொன்னண்ணை. அடுத்த கிளினிக்குக்கு இந்தக் கோடு மேலை திரும்பாட்டி வாட்டிலை போடவேணுமாம்."

பியாட்றிஸ் மிஸி எங்கள் பகுதி மருத்துவிச்சி. சொன்னால் சொன்னதுதான். ஆஸ்பத்திரி வாட்டுகளோ அப்போது காயப்பட்டவர்களால் நிரம்பி, நிலத்திலும் பாய் விரித்திருந்த காலம். நோஞ்சான் பிள்ளையை அதற்குள் கொண்டுபோய் விட எவருக்கும் மனம் வராது.

"பால்மா இருக்கோ?" என்று கேட்டான் சபாபதி.

ஒரு பெட்டி இருந்தது. "நூற்றெண்பது," என்றேன்.

அவன் பெட்டியைப் பார்த்தபடி நின்றான். பெட்டி நெளிந்திருக்கிறது என்றோ, திகதி முடிந்துவிட்டது என்றோ ஒன்றும் சொல்லவில்லை. சபாபதி ஒரு விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றதை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

"பிறகு காசைத் தாவன்," என்றேன்.

"வேண்டாமண்ணை. மிஸியும் மா தேவையில்லை எண்டுதான் சொன்னவ. வீட்டிலை சமைக்கிறதைத் தின்னப் பண்ணினால் காணுமாம். அதைத்தானே தின்னுதில்லை."

இரண்டு நாள் கழித்து அருந்ததி சொல்லியனுப்பிய பயறையும் குரக்கன் என்கிற கேழ்வரகையும் கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று மறித்துவிட்டாள். நான் பல வீட்டில் சாப்பிட்டவன், கலியாண வீடுகளும் சேர்த்து. அந்த மத்தியானச் சாப்பாட்டை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

பதினைந்து ரூபாவுக்குள் மூன்று பேருக்குச் சமையல் என்று அருந்ததி எல்லை போட்டிருந்தாள். அன்று நாலாவது வாயும் அதற்குள் அடங்கிவிட்டது. ஒரு பாதித் தேங்காய். அதைத் துருவிப் பிழிந்த பாலில் சூடை மீன் சொதி; பிழிந்த தேங்காய்ப்பூவை வீசாமல் முருங்கையிலை வறைக்குள் போட்டு, சின்ன வெங்காயத்தோடு பிரட்டியிருந்தாள். அரிசிக்குள் ஒரு பிடி பயறு சேர்த்து அவித்த சோறு. ஆனியில் தின்ற பலாப்பழத்தின் கொட்டையை மணலுக்குள் புதைத்து வைத்து, அன்று கிளறி எடுத்து ஒரு பிரட்டல். வடித்த கஞ்சி இரவுக்கு. தேங்காய்ப் பொச்சு அடுப்புக்கு, சிரட்டை அகப்பைக்கு. நான் விற்ற தேங்காயில் வீணாய்ப்போனது அதன் சத்தம் மட்டும்தான்.

"பிள்ளை, உன்ரை கையிலை என்ரை கடையைத் தந்தால் நான் கொழும்பிலை மாடி கட்டியிருப்பன்," என்றேன்.

"உங்களுக்குத் தெரியுது, அண்ணை. தெரியவேண்டியவவுக்குத் தெரியேல்லையே." அவள் மகளின் தட்டைக் காட்டினாள்.

நிறோஜா மூன்று வாய் வெறுஞ்சோறு தின்றிருந்தாள். வறையைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கி வேலி கட்டியிருந்தாள். மீனை அந்த வேலிக்கும் அப்பால் தள்ளியிருந்தாள்.

"இஞ்சரப்பா, நீங்களாவது தீத்துங்கோ," என்றாள் அருந்ததி. சபாபதி உருண்டை பிடித்து நீட்டினான். வாய் பூட்டிக்கொண்டது. அவன் கெஞ்சினான், மிரட்டினான், காகத்துக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னான். பூட்டு அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் தட்டையும் காணவில்லை, பிள்ளையையும் காணவில்லை. தேடிப்போன அருந்ததி வேலிப்பக்கம் நின்று எங்களைக் கையால் கூப்பிட்டாள். சத்தம் போடவேண்டாம் என்று வாயில் விரல் வைத்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டாரின் பால் வற்றிய மாடு. இந்தப் பக்கம் நிறோஜா. வேலி ஓட்டைக்குள்ளால் கையை நீட்டி முருங்கையிலை வறையைக் காட்டினாள். மாடு நாக்கை நீட்டி ஒரே சுழற்றில் வழித்துக்கொண்டது.

"என்ன மோனை செய்யிறாய்?" என்றாள் தாய்.

"மாடு தின்னுதோ எண்டு பாக்கிறன்."

"தின்னுதோ?"

"ஓம்." பிள்ளையின் முகத்தில் பெரிய குழப்பம். மாட்டைத் திரும்பப் பார்த்தாள். "உது விசர் மாடு."

"ஏன், மாட்டுக்குப் பைத்தியமோ?"

"முருங்கையிலையை மாடும் தின்னாது எண்டு அப்பா நல்லம்மாக்காவுக்குச் சொன்னவர்."

அருந்ததி மெல்லக் குந்தி இருந்தாள். "அப்ப சூடை மீன்?"

"அது பூனையும் மணந்து பாக்காது."

"பயறு?" என்று கேட்டது நான். யாவாரிக்கு வாய் சும்மா இருக்காது.

நிறோஜா என்னைப் பார்த்து, என் மனம் நோகுமோ என்று கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "மாமாவின்ரை பயறு முழுக்க வண்டு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு ஒருவரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் அதை இருமலாக மாற்றினேன்.

"மூண்டு மாசம்," என்றாள் அருந்ததி புருசனைப் பார்த்து. "உப்புக் கூடிப்போச்சோ, உறைப்புக் கூடிப்போச்சோ எண்டு மூண்டு மாசமா என்ரை கையைத்தான் திட்டிக்கொண்டு திரிஞ்சனான்."

சபாபதி மகளுக்கு முன்னால் குந்தினான். "அது சும்மா சொன்னது, மோனை. யாவாரத்துக்குச் சொன்னது."

"சும்மா எண்டால் பொய்யோ?"

பேரத்தில் இறுகிப்போன எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவனைப் போல ஒருவன் இறுகியதைக் கண்டதில்லை. ஓம் என்றால் அப்பன் பொய்க்காரன். இல்லை என்றால் சாப்பாடு வண்டு.

"அப்பா பொய் சொல்லமாட்டார்," என்று நிறோஜாவே அந்த வழக்கை முடித்துவைத்தாள்.

மறுநாள் காலமை சபாபதி நல்லம்மாவுக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தினான். முருங்கையிலைக் கட்டை எடுத்தான். பிள்ளையின் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினான்.

"என்ன வடிவான கீரை," என்றான்.

நல்லம்மா தெளித்துக்கொண்டிருந்த தண்ணீரை நிறுத்தினாள். "தம்பி, காய்ச்சலோ?"

"இல்லையக்கா. நல்ல பச்சை. இளங்குழை. எவ்வளவு?"

"ரெண்டரை."

"நேற்று ஒண்டரை எல்லோ?"

"நேற்று மாடும் தின்னாத கீரை. இண்டைக்கு வடிவான கீரை."

அவன் கொடுத்தான். மீன் விற்கும் லூர்த்தம்மா கச்சாய்க் கரையிலிருந்து மீன் கடகத்தோடு நடந்து வருபவள். அவளுடைய சூடையைப் பார்த்து, "இப்பதான் தண்ணியிலையிருந்து வந்தது போலை கிடக்கு," என்றான். "கனடாவிலையிருந்து காசு வந்திட்டுதோ?" என்று கேட்டுவிட்டு அவள் மூன்று ரூபா கூட்டினாள். காது கொடுத்துக்கொண்டிருந்த கத்தரிக்காய்க்காரனும் தன் பங்கைக் கூட்டினான். என்னிடம் வந்து பயறைக் கையில் அள்ளி, "வண்டு இல்லாத பயறு," என்று மகளுக்குக் கேட்க உரத்துச் சொன்னான். எனக்குக் கூட்ட மனம் வரவில்லை. ஆனால் பழக்கம் வந்துவிட்டது. ஐம்பது சதம் கூட்டினேன்.

எல்லாம் சேர்த்து அன்று ஏழரை ரூபா மேலதிகம். அன்று மத்தியானம் நிறோஜா வறையோடு சோறு தின்றாள். சூடையில் முள் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க விழுங்கினாள். பின்னேரம் சபாபதி சைக்கிளில் வந்து, இறங்காமலே ஒரு காலை ஊன்றிக்கொண்டு எனக்கு இதைச் சொன்னான்.

நாலாம் நாள் அருந்ததியே சந்தைக்கு வந்தாள். "ஏழரை ரூபா எண்டால் எங்கடை அரைச் சமையல், பொன்னண்ணை. காசு கொடுத்து வாயைத் திறக்கப் பண்ணிப்போட்டு உள்ளுக்கு என்னத்தைப் போடுறது?"

"ஆக்களுக்கு விசயத்தைச் சொன்னால் குறைச்சுத் தருவினமே," என்றேன்.

சபாபதி தலையாட்டினான். "பிள்ளையின்ரை வருத்தத்தைச் சொல்லி விலை கேக்கிறது யாவாரமில்லை, அண்ணை. அது பிச்சை."

அவன் அப்படிச் சொல்வான் என்று எனக்குத் தெரியும். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அப்போதுதான் அப்புவின் ஞாபகம் வந்தது. மாட்டுத் தரகில் விலையை வாயால் பேசுவதில்லை. இருவர் கையையும் ஒரு சால்வையால் மூடிவிட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரல் ஒன்று, இரண்டு விரல் இரண்டு, முழுக்கையையும் பற்றினால் ஐந்து. விரலை மடித்தால் பாதி. சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வாய் மழையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கும்.

"வாயாலை புகழு. விரலாலை சண்டை பிடி," என்றேன்.

தோளில் கிடந்த சால்வையை எடுத்து அவன் கையிலும் என் கையிலும் போட்டேன். சைக்கிள் பாரிலிருந்து நிறோஜா குனிந்து பார்த்தாள்.

"நல்ல தேங்காய், அண்ணை," என்றான் சபாபதி வாயால். விரலால் ஆறு என்றான்.

"நல்ல கண் உனக்கு," என்றேன். ஒன்பது என்றேன்.

"உள்ளுக்குக் கட்டிப் பருப்பாயிருக்கும்." ஆறரை.

"சந்தேகமில்லை." எட்டு. அவன் என் சின்னவிரலைப் பிடித்து முறித்துவிடுவான் போலிருந்தது. ஏழுக்குப் படிந்தோம். இருவருக்கும் முகம் சிரித்துக்கொண்டிருந்தது, கை வேர்த்துக்கொண்டிருந்தது.

கத்தரிக்காய்க்காரனுக்கும் இது சரிவந்தது. பெண்களிடம்தான் சிக்கல். லூர்த்தம்மா சால்வையைக் கண்டதும் கடகத்தை இழுத்துக்கொண்டாள்.

"சால்வைக்குக் கீழை என்ரை கையைப் பிடிக்கிறதெண்டால் முதல் என்ரை மனுசனிட்டைக் கேட்டுக்கொண்டு வா. அவர் வலையோடை நிக்கிறார். மீன் குத்துற மண்டாவும் வைச்சிருக்கிறார்."

அதற்கு அருந்ததி ஒரு வழி கண்டாள். மூடியுள்ள ஒரு சின்ன ஓலைப்பெட்டி. சபாபதி காசைப் போட்டு மூடி நீட்டுவான். போதாதென்றால் விற்பவள் பெட்டியை ஒருமுறை குலுக்கித் திருப்பிக் கொடுப்பாள். இவன் இன்னும் கொஞ்சம் போடுவான். குலுக்காவிட்டால் விலை படிந்தது. வாயோ அந்த நேரம் முழுக்க மீனின் கண்ணையும் செதிளையும் வர்ணித்துக்கொண்டிருக்கும்.

இதில் நான் செய்த ஒரு திருட்டு வேலையையும் சொல்லிவிடுகிறேன். சபாபதி அந்தப் பக்கம் போனபிறகு, நான் நல்லம்மாவிடமும் லூர்த்தம்மாவிடமும் போய்க் கிளினிக் மட்டையின் கோட்டைப் பற்றிச் சொன்னேன். நல்லம்மா கீரைக்குத் தண்ணீர் தெளித்தாள். "எனக்கேன் இதைச் சொல்லுறாய்? நான் யாவாரம் பண்ண வந்தனான்," என்றாள் லூர்த்தம்மா.

மறுநாள் பெட்டி லூர்த்தம்மாவின் கைக்குப் போனது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மூடியைக் கொஞ்சம் நீக்கி உள்ளே பார்த்தாள். குறைவாகத்தான் இருந்திருக்கவேண்டும், முகம் சொல்லியது. பெட்டியைத் தூக்கினாள், குலுக்குவதுபோலக் கையை ஓங்கினாள், பிறகு அப்படியே மடியில் கவிழ்த்துக்கொண்டாள். "சரி, கொண்டுபோ. கண் பட முதல் கொண்டுபோ," என்று இரண்டு மீன் கூடப் போட்டாள்.

என் விரல்களும் அந்த மாதம் ஒழுங்காகச் சண்டை பிடிக்கவில்லை. ஏழில் நிற்கவேண்டிய இடத்தில் ஆறுக்கு வழுக்கின. அப்பு கண்டிருந்தால் என் கையைச் சந்தைக்குக் கொண்டுவர விட்டிருக்கமாட்டார்.

ஆனால் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஒருநாள் காலமை சபாபதி வழக்கம்போல, "இவ்வளவு வடிவான வல்லாரையை நான் ஒரு இடமும் காணேல்லை, அக்கா," என்று சொல்லிவிட்டுப் போனான். நல்லம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, தடிமனோ?" என்றேன்.

"இல்லை. உவன் பிள்ளைக்காகத்தான் சொல்லுறான் எண்டு தெரியும். எண்டாலும் பொன்னம்பலம், நான் கலியாணம் முடிச்ச காலம் தொட்டு இதிலை இருந்து கீரை விக்கிறன். என்ரை கீரையை நல்லதெண்டு ஒருதரும் சொன்னதில்லை. வாங்கிக்கொண்டு போறவையும் சொன்னதில்லை."

அடுத்த நாளிலிருந்து அவள் பூச்சி அரித்த இலையைக் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் கட்டுக் கட்டினாள். லூர்த்தம்மா மீனைப் பனையோலையில் வரிசையாக அடுக்கினாள். நானும் பயறைச் சுளகில் போட்டுக் கொழித்தேன். இரண்டு வண்டு வரத்தான் செய்தது. பிள்ளை சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருந்திருக்கிறது.

மாதம் பாதியில் நிறோஜாவுக்குக் காய்ச்சல் கண்டது. சபாபதி தனியே வந்தான். சைக்கிள் பார் வெறுமையாக இருந்ததால் அன்று யாரும் எதையும் புகழவில்லை; ஆனால் பழையபடி குறை சொல்லவும் ஒருவருக்கும் வாய் வரவில்லை. நல்லம்மா வல்லாரைக் கட்டொன்றைச் சைக்கிள் கரியரில் செருகிவிட்டாள். வல்லாரைச் சாறும் தேங்காய்ப்பாலும் விட்ட இலைக்கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக மகளுக்குப் பருக்கியதாக அருந்ததி பிறகு சொன்னாள். காய்ச்சல் போனது. போகும்போது எவ்வளவு எடையைக் கொண்டுபோனது என்பதுதான் தெரியவில்லை. அதைக் கேட்க எங்களுக்குத் துணிவு வரவில்லை.

கிளினிக் நாள் வந்தது. பள்ளிக்கூடத்து மாமரத்தின் கீழ் தராசு தொங்கும். சந்தையிலிருந்து பார்க்கத் தெரியாது. ஆனாலும் லூர்த்தம்மா அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே மீன் வெட்டி விரலையும் வெட்டிக்கொண்டாள்.

முதலில் வந்தது பியாட்றிஸ் மிஸி. குடையை மடக்கியபடி என் கடைக்கு வந்து குரக்கன் கேட்டார். பின்னால் சபாபதி, அருந்ததி, சைக்கிள் பாரில் நிறோஜா. மூவர் முகத்திலிருந்தும் ஒன்றும் பிடிபடவில்லை. யாவாரியின் குடும்பம் அல்லவா.

"நானூறு," என்றாள் நிறோஜா. அவள் சந்தையில் உரத்துச் சொன்ன முதல் சொல் அதுதான்.

"நானூறு கிராம் ஏறியிருக்கு," என்றார் மிஸி. "இன்னும் அந்த நிறத்துக்கு மேலை வரேல்லை. ஆனா கோடு மேலை திரும்பியிட்டுது. வாட்டு தேவையில்லை." பிறகு அருந்ததியிடம் திரும்பினார். "என்ன பிள்ளை குடுத்தனீர்?"

"முருங்கையிலை, சூடை, பயறு, குரக்கன், மிஸி."

"அதைத்தானே முந்தியும் குடுத்தனீர்?"

"முந்தி அது கூடாத சாமான், மிஸி. இப்ப நல்ல சாமான்."

மிஸிக்கு விளங்கவில்லை. எங்களில் ஒருவரும் விளங்கப்படுத்தவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து மத்தியானம், சந்தை கலையும் நேரம், சபாபதி சைக்கிள் கரியரில் ஒரு பெரிய பானையைக் கட்டிக்கொண்டு வந்தான். பின்னால் அருந்ததி ஒரு கட்டுப் பிலாவிலையோடு. பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழ். எங்கள் ஒவ்வொருவர் கடையும் அதற்குள் இருந்தது: லூர்த்தம்மாவின் சூடையும் இறாலும், நல்லம்மாவின் முருங்கையிலை, கத்தரிக்காய்க்காரன் விற்ற பயத்தங்காய், என் பயறு, அருந்ததியின் மிளகாய்த்தூள். கூழுக்கு மாவைக் கரைத்துவிட்டால் எவ்வளவு சின்னக் காசும் ஊருக்குக் காணும். பிலாவிலையைக் கோப்பைபோலக் கோலி ஈர்க்குக் குத்தி எல்லோருக்கும் நீட்டினாள்.

லூர்த்தம்மா ஒரு வாய் உறிஞ்சினாள். "உப்புக்..." என்று தொடங்கினாள். அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். நிறோஜாவும் பார்த்தாள்.

"உப்புக் கணக்காயிருக்கு," என்று முடித்தாள் லூர்த்தம்மா. "இப்பிடிக் கூழ் நான் குடிச்சதில்லை."

சபாபதி எனக்கு இரண்டாம் தரம் வார்த்தான். என் பக்கத்தில் குந்திக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேளாமல் சொன்னான். "பொன்னண்ணை, உங்கடை விரல் எனக்குத் தெரியாதோ? உது ஒருநாளும் இவ்வளவு கெதியா விட்டுக்குடுத்த விரலில்லை."

"வயசு போகுது. விரலுக்கும் பலமில்லை."

"லூர்த்தம்மாக்காவுக்கும் பலமில்லையோ? ஒரு மாசமா பெட்டி குலுங்கவேயில்லை." அவன் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "தெரிஞ்சுகொண்டுதான் வாங்கினனான். இதைச் சொல்லவேணும் எண்டு அருந்ததி சொன்னவள். எனக்குச் சொல்லத் தெரியேல்லை."

"சொல்லாதை. கூழ் ஆறுது."

அந்த நேரம் என்மேல் ஏதோ விழுந்தது. நிறோஜா தகப்பனின் சால்வையை இழுத்துக்கொண்டு வந்து என் கையின்மேல் போட்டிருந்தாள். கண் என் கடையில் இருந்த எள்ளுப்பாகுப் போத்தலில். என் மனுசி எள்ளும் பனங்கட்டியும் இடித்துப் பிடித்துத் தருவது. கடையில் வைத்து விற்பேன்.

"மாமாவின்ரை எள்ளுப்பாகு நல்ல எள்ளுப்பாகு," என்றாள் உரத்து, சந்தைக்கே கேட்க. சால்வைக்குள்ளே ஒரு சின்னக் கை தடவி வந்து என் இரண்டு விரலைப் பிடித்தது.

ஒரு மாதம் சைக்கிள் பாரிலிருந்து அவள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் ஒரு விரலை உருவினேன். அவள் திரும்பப் பிடித்தாள். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. திரும்ப உருவினேன். நகம் பதிய இறுக்கினாள். நாலு வயதில் எனக்கு அந்தப் பிடி இருந்ததில்லை.

"சரி, ரெண்டு எள்ளுப்பாகு. படிஞ்சுது," என்றேன்.

போத்தலைக் கவிழ்த்தால் ஒன்றுதான் விழுந்தது. அவள் அதை வாங்கி, மணந்து பார்க்காமல், மாட்டைத் தேடாமல் வாய்க்குள் போட்டாள். பிறகு மற்றக் கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"மற்றது வாற சந்தைக்கு," என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டாள்.

அன்று கடை கட்டும்போது கணக்குப் பார்த்தேன். அந்த மாதம் என் விரல்கள் வழுக்கவிட்டது, குத்துமதிப்பாக நாற்பது ரூபா. வந்தது: அருந்ததியின் கையால் ஒரு மத்தியானச் சோறு, பிலாவிலையில் இரண்டு தரம் கூழ், என் பயறில் வண்டில்லை என்று நாள்தோறும் சந்தையறியச் சொன்ன வாய்ச்சொல், நிறோஜாவின் உடம்பில் நானூறு கிராம். நாற்பது ரூபாவுக்கு இவ்வளவு சாமான் எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. ஆக, செலவும் வரவும் நேர். நிலுவை, நான் கொடுக்கவேண்டியது: எள்ளுப்பாகு ஒன்று.